பள்ளி வளாகத்து வெற்றுத் தரை: புல்லா, பொடுதலையா, சருகா?

கட்டடத்துக்கு முன்னால் நாலைந்து சென்ட் வெற்றுத் தரை கிடக்கிறது. மழை பெய்தால் சேறு, காற்றடித்தால் வகுப்பறைக்குள் புழுதி. பசுமைப் படைப் பொறுப்பாசிரியர் “ஏதாவது பண்ணுங்கப்பா” என்று மாணவர்களிடம் விட்டுவிடுகிறார். பாதிப் பேருக்குப் புல்தரை வேண்டும், மீதிப் பேருக்குப் பூச்செடி வேண்டும். நர்சரிக்காரர் கொரியன் புல்லைச் சொல்கிறார். நிர்வாகமோ செயற்கைப் புல்லை விரித்துவிட்டால் தொல்லை இல்லை என்கிறது. கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றங்களிலும் இதே கதைதான்.

என்ன போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: மே மாதம் உங்கள் வளாகத்தில் யார் இருப்பார்கள்? தோட்டத்துக்குத் தண்ணீர் மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த மாதத்தில்தான் பள்ளிக்கு விடுமுறை. மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், இரவுக் காவலர் மட்டும் இருப்பார். ஜூனில் பள்ளி திறக்கும்போது கொடியேற்ற மேடைக்கு முன்னால் காய்ந்த வைக்கோல் கிடப்பதற்கு இதுதான் காரணம், புல் ரகம் இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

வெயில். நர்சரிக்குப் போவதற்கு முன்னால் காலை எட்டு, நண்பகல், மாலை நாலு என மூன்று வேளை அந்த இடத்தில் போய் நின்று, நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் விழும் பகுதி, மூன்று நான்கு மணி நேரம் மட்டும் விழும் பகுதி, மரத்தடி என்று இடம் தானாகவே மூன்றாகப் பிரியும். இதைச் செய்யாமல் முழு இடத்துக்கும் ஒரே செடியை வாங்குவதால்தான் பாதித் தோட்டம் முதல் வருடமே போய்விடுகிறது.

கால். விளையாடும் இடமா, உட்காரும் இடமா, வெறும் பார்வைக்கா? அதைவிட முக்கியம், கேன்டீனுக்குப் போகும் குறுக்குவழி எது என்பது. மணி அடித்ததும் முந்நூறு பேர் ஓடும் தடத்தில் எந்தப் புல்லும் நிற்காது. அந்தத் தடத்தை முதலில் கண்டுபிடித்துக் கல் பதித்துவிடுங்கள். ‘புல்லை மிதிக்காதீர்’ பலகைக்குச் செலவு செய்வதைவிட அது மலிவு.

தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் உள்மாவட்டங்களில் மே மாதத்தில் பச்சை மாறாமல் இருக்க வேண்டிய புல்தரைக்குச் சதுர மீட்டருக்கு நாள்தோறும் ஏறக்குறைய 4 லிட்டர் என்று கணக்குப் போடலாம். 5 சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். ஆக நாளைக்கு 800 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். இது வீணாக்காமல் பாய்ச்சினால் வரும் கணக்கு. குழாயைத் தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர் இருக்கும் வளாகத்தில் இன்னும் கூடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் கடற்கரை ஊர் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆளும் கருவியும். புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறதா, அதை ஓட்டுபவர் யார், பிளேடு தீட்டுவது யார் பொறுப்பு? பெட்ரோல் இயந்திரத்தை மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. சுழலும் பிளேடில் பட்டுத் தெறிக்கும் சிறு கல் கண்ணைப் பறித்துவிடும்.

கோரை. எல்லாரும் மறப்பது இதைத்தான். தரையில் ஏற்கெனவே கோரை இருந்தால் எந்தத் தேர்வானாலும் செலவு ஏறும். புல்லா கோரையா என்று சந்தேகம் வந்தால் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு கையில் தட்டுப்பட்டால் கோரை. பிடித்து இழுத்தால் தண்டு சுலபமாக வந்துவிடும், மெல்லிய நார் ஒன்று பட்டென்று அறுந்து, கறுப்புக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். பத்து நாளில் அது மறுபடி முளைக்கும். ஒரே நாரில் வரிசையாகப் பல கிழங்குகள் கோத்துக் கிடக்கும் என்பதால் மண்வெட்டியால் ஒரு முறை கொத்திவிட்டால் போதாது. நடவுக்கு முன்னால் தரையை நனைத்து, கோரையை முளைக்கவிட்டு, முள் கரண்டியால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். திரும்ப நனைத்து, திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றாவது ஆகும். இதற்கு ஒரு மாதம் ஒதுக்க முடியாது என்றால் புல்தரை ஆசையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

## அருகம்புல்

பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்தான். வரப்பில் தானாக வளர்வதை ஏன் காசு கொடுத்து நட வேண்டும் என்று தோன்றும். கோல்ஃப் மைதானங்களுக்கென்று அமெரிக்காவில் உருவாக்கிய டிஃப்வே போன்ற ரகங்களும் இந்த அருகின் சொந்தக்காரர்கள்தான். மிதிபட்டால் திரும்ப எழுவதில் இதை மிஞ்ச ஆள் கிடையாது. தரைக்கு மேலே ஓடும் கொடியும் மண்ணுக்குள் ஓடும் தண்டும் இரண்டுமே இதற்கு உண்டு. மேல்பகுதி தேய்ந்தாலும் அடியிலிருந்து கிளம்பும். கோடையில் தண்ணீர் நின்றுபோனால் பழுப்பாகிப் படுத்துவிடும், ஆனால் சாகாது. ஜூனில் இரண்டு மழை விழுந்தால் கணுக்களிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்? ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும்.

முதல் செலவும் குறைவு. ஒரு சதுர மீட்டர் புல்லைக் கொடி கொடியாகப் பிரித்து, ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நட்டுக்கொண்டே போனால் பத்து சதுர மீட்டர் வரை வரும். மழைக்காலத்தில் நட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் தரை மூடிவிடும். மாணவர்கள் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது, கான்ட்ராக்டர் தேவையில்லை. கணு மண்ணுக்குள் போக வேண்டும், நுனி வெளியே தெரிய வேண்டும், நட்டதும் காலால் அழுத்திவிட வேண்டும். அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு வெட்டுவதில் இருக்கிறது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, தள்ளிப்போனால் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும். ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. விழாவுக்கு முதல் நாள் முழங்கால் உயரப் புல்லை மொட்டையடித்தால், பச்சை இலை எல்லாம் போய் அடித்தண்டின் வெளிறிய மஞ்சள்தான் சிறப்பு விருந்தினருக்குத் தெரியும். வெட்டிய மறுநாள் குனிந்து நுனியைப் பாருங்கள். சீவியதுபோல் நேராக இருந்தால் பிளேடு சரி. நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் தீட்ட வேண்டும்.

அப்புறம், அருகு எல்லை தெரியாத புல். பக்கத்து ரோஜாப் பாத்திக்குள் நுழைந்தால் எடுப்பது பெரும்பாடு. ஓரத்தில் செங்கலை நிமிர்த்திப் புதைத்துவிடுவது நல்லது. நிழல் இதற்கு ஆகவே ஆகாது. மரத்தடியில் நட்டால் ஒரு பருவம் நீண்டு மெலிந்து நிற்கும், அடுத்த பருவம் காணாமல் போகும்.

## கொரியன் புல்

நர்சரிப் படங்களில் மெத்தையாகத் தெரிவது இதுதான். இலை மெல்லிசு, அடர்த்தி அதிகம், வளர்ச்சி மெதுவு. மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைகிறது. அடர்த்தியாக இருப்பதால் நன்றாகப் பிடித்த தரையில் களை சுலபமாக நுழையாது. இலேசான நிழலையும் அருகைவிட நன்றாகவே பொறுத்துக்கொள்ளும்.

அந்த மெதுவான வளர்ச்சியே இதன் பலவீனமும். பிரித்து நட்டால் தரை மூட மாதக்கணக்கில் ஆகும், அதுவரை இடைவெளியெல்லாம் கோரைக்கு. ஆகவே சதுரம் சதுரமாக வாங்கி விரிக்கச் சொல்வார்கள். அங்கேதான் பட்ஜெட் எகிறும். விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். செம்மண், தொழு உரம், லாரி வாடகை, விரிக்கும் கூலி சேர்ந்ததா என்று கேட்டால்தான் மீதிக் கணக்கு வெளியே வரும். மிதிபட்டுத் தேய்ந்த இடம் திரும்ப மூடவும் அதே அளவு காலம் பிடிக்கும். வெட்டாமல் விட்டால் சில வகைகள் குமிழ் குமிழாக மேடு தட்டும், அந்த மேட்டை இயந்திரத்தால் வெட்டப் போனால் உச்சி மட்டும் வழுக்கையாகும்.

அலுவலக முகப்பு, சிலையைச் சுற்றிய வட்டம் போல யாரும் கால் வைக்காத, தினமும் ஒருவர் தண்ணீர் விடுகிற சின்ன இடத்துக்கு இது அழகு. விளையாட்டு இடத்துக்கு வாங்கவே வேண்டாம்.

## அகல இலைப் புல்

பஃபலோ, கார்பெட் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயரில் விற்கிறார்கள். ஒரே பெயரில் வேறு வேறு புல்லும் வரும். அதனால் பெயரைக் கேட்டு வாங்காமல் இலையைப் பார்த்து வாங்குங்கள். அகன்ற, தட்டையான இலை, தடித்த கொடி. கட்டட நிழலில், மூன்று நான்கு மணி நேர வெயிலில் பச்சையாக இருக்கக்கூடியது புல் வகைகளில் இதுதான். பதிலுக்குக் கேட்பது ஈரம். தண்ணீர் தவறினால் அருகைப்போல் படுத்து எழுந்திருக்கத் தெரியாது, மஞ்சளடித்துத் திட்டுத் திட்டாகப் போகும். கைகழுவும் குழாய்களின் தண்ணீர் ஓடிவரும் நிழலோரம் இருந்தால் பொருந்தும். மற்றபடி என் ஓட்டு இதற்கு இல்லை.

## பொடுதலை, மற்ற தரைமூடிகள்

வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் தானாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலையை நர்சரிகள் அதிகம் சொல்வதில்லை, விற்றால் காசு வராது. ஓரத்தில் பல் வைத்த சின்ன இலை, சிறு கதிரைச் சுற்றி வளையமாகப் பூக்கும் வெளிர்ப் பூ. கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முழு வெயில், உப்பு மண், சில நாள் தேங்கும் மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். அவ்வப்போது நடந்து போகிற அளவு மிதியும் ஆகும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கத்தரித்துவிட்டால் போதும். தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும் என்பதால் உயிரியல் ஆசிரியருக்குப் பாடம் நடத்த இடமும் ஆயிற்று.

அந்தத் தேனீதான் இதன் மறுபக்கம். சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் கொட்டு வாங்காமல் இருக்காது. பூத்திருக்கும் காலத்தில் மேலாக வெட்டிவிட்டால் தொல்லை குறையும். பந்து விளையாட்டைத் தாங்காது. புல்தரையின் சீரான தோற்றத்தை எதிர்பார்க்கிற தலைமையாசிரியருக்கு முதலில் ஒரு சதுர மீட்டர் வளர்த்துக் காட்டிவிட்டு அனுமதி கேளுங்கள்.

பத்து மணிப் பூவை வெயிலான ஓரங்களுக்கு வைக்கலாம். தண்ணீர் அதிகம் கேட்காது, கிள்ளி நட்டாலே வரும். கால் பட்டால் மட்டும் நசுங்கிவிடும்.

வெடேலியா விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மஞ்சள் பூவோடு பளபளவென்று படரும் இந்தச் செடியைச் சாலை நடுத்திட்டுகளில் பார்த்திருப்பீர்கள். சும்மா கிள்ளி வந்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், அதனால் இலவசமாகவும் கிடைக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் இதுவும் உண்டு. வளாகத்தின் மதிலைத் தாண்டி ஓடையில் இறங்கிவிட்டால் பிறகு யாரும் பிடிக்க முடியாது. இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து மூலிகைத் தோட்டத்தில் வைத்திருக்கிற பள்ளிகளும் உண்டு. பூ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். இலையைப் பாருங்கள். வெடேலியா இலையில் பெரும்பாலும் இரு பக்கமும் பிதுங்கி மூன்று மடலாகத் தெரியும், கரிசலாங்கண்ணியின் இலை பிரிவில்லாமல் நீண்டிருக்கும்.

## மரத்தடிக்குச் சருகு

வேம்பும் புங்கமும் நிற்கும் இடத்தில் புல் வளர்க்கப் போராடுவதை நிறுத்திக்கொள்வது உத்தமம். அங்கே வெயிலும் இல்லை, மேல் மண்ணில் இருக்கிற தண்ணீரை மரத்தின் வேர் விட்டுவைப்பதும் இல்லை. அந்த இடத்துக்கு மூடாக்குப் போதும். மாசி, பங்குனியில் மரங்கள் தாமாகவே சருகைக் கொட்டுகின்றன, அதாவது சித்திரை வெயிலுக்குச் சற்று முன்னால். பெருக்கிக் குவித்துக் கொளுத்துவதற்குப் பதில் அதையே மரத்தடியில் நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் மண் ஈரம் காக்கும், களை முளைப்பது குறையும், மழைத்துளி மண்ணை நேரடியாக அறையாது. மேல் சருகு பறக்காமலிருக்க மக்கிய உரத்தையோ மண்ணையோ ஒரு கூடை தூவிவிடுங்கள்.

கொளுத்துவது சும்மா இருக்கிற விஷயமும் இல்லை. திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

இதிலும் செலவு உண்டு. கரையான் வரும், ஆகவே தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பரப்ப வேண்டும். தேள், பூரான் ஒளிய வசதியான இடம், பிள்ளைகள் கையை விட்டுத் துழாவக் கூடாது. காய்ந்த சருகு சிகரெட் நெருப்புக்குப் பற்றும். தினமும் பெருக்கிச் சுத்தமாக வைப்பதுதான் பராமரிப்பு என்று பழகிய பணியாளருக்கு இதைப் புரியவைப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நீங்கள் காலையில் பரப்பியதை அவர் மாலையில் அள்ளியிருப்பார். மரத்தைச் சுற்றி வட்டமாகச் செங்கல் வைத்துவிட்டால், அது வேண்டுமென்றே வைத்தது என்று அவருக்கும் தெரியும்.

## செயற்கைப் புல்

தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம் என்பது உண்மை. வெயிலில் பிளாஸ்டிக் எப்படிச் சுடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. புழுதி சேரும், கழுவத் தண்ணீர் வேண்டும், சில வருடத்தில் நார் உதிர்ந்து குப்பையாகும். அடியில் இருக்கிற மண் செத்துப்போகும். உள்ளரங்க மேடைக்கு விரியுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வெயில் | மிதி | மே மாதம் தண்ணீர் நின்றால் | வெட்டு வேலை | முதல் செலவு |
|---|---|---|---|---|---|
| அருகம்புல் | முழு வெயில் | நன்றாகத் தாங்கும் | பழுப்பாகும், மழையில் மீளும் | அதிகம் | குறைவு |
| கொரியன் புல் | வெயில், இலேசான நிழல் | ஓரளவு, மெதுவாக மீளும் | திட்டுத் திட்டாகப் போகலாம் | குறைவு | அதிகம் |
| அகல இலைப் புல் | பாதி நிழல் | ஓரளவு | கெட்டுவிடும் | நடுத்தரம் | நடுத்தரம் |
| பொடுதலை | முழு வெயில் | இலேசாக | பெரும்பாலும் தாங்கும் | மிகக் குறைவு | ஏறக்குறைய இல்லை |
| சருகு மூடாக்கு | நிழல் | நடக்கலாம் | கவலையில்லை | இல்லை | இல்லை |

## எந்த வளாகத்துக்கு எது

விளையாடுகிற பிள்ளைகள், முழு வெயில், வெட்ட ஓர் ஆள் இருக்கிறார் என்றால் அருகம்புல்தான். கோடையில் அது பழுப்பாவதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயந்துபோய்ப் பிடுங்கிவிடப் போகிறார்கள். விடுதி உள்ள கல்லூரி, வருடம் முழுக்கத் தோட்டக்காரர், சொந்தக் கிணறு எல்லாம் இருந்தால் முகப்பில் மட்டும் கொரியன் புல் போட்டுக்கொள்ளலாம். கோடையில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி, இயந்திரமும் இல்லை என்றால் பொடுதலையும் சருகும் சேர்ந்து போதும். பெரும்பாலான இடங்களுக்கு நான் சொல்வது கலவைதான்: நடமாட்டத் தடத்துக்குக் கல், வெயில் திடலுக்கு அருகு, ஓரங்களுக்குப் பொடுதலை, மரத்தடிக்குச் சருகு. ஐந்து சென்டில் அருகு இரண்டு சென்ட் மட்டும் என்றால் தண்ணீர்க் கணக்கும் நாளைக்கு 320 லிட்டராக இறங்கிவிடும்.

பள்ளி திறந்ததும் ஜூனில் கோரை எடுக்கத் தொடங்கினால் ஆடியில் நடலாம். தென்மேற்குப் பருவமழை எட்டாத கிழக்கு மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசிவரை பொறுத்து, வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறல்களில் நடுவது மேல். கனமழை தொடங்கிய பிறகு நட்டால் கொடி தண்ணீரோடு போய்விடும். வேர் பிடித்தபின் தினமும் மேலாகத் தெளிக்காமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக விடுங்கள். விட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து சைக்கிள் கம்பியைத் தரையில் குத்திப் பார்த்தால், ஒரு சாண் சுலபமாக இறங்க வேண்டும். இரண்டு விரல் ஆழத்திலேயே நின்றால் தண்ணீர் மேலோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

புல்லை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், லாரி வந்து நிற்கும்போது மாணவர்களில் இருவராவது பக்கத்தில் இருங்கள். ஏழெட்டுச் சதுரங்களைப் புரட்டி அடிமண்ணை உடைத்துப் பாருங்கள். கறுப்புக் கிழங்கோ மூன்று விளிம்புத் தண்டோ தென்பட்டால் இறக்கவிடாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். பணத்தையும் அதற்குப் பிறகே எண்ணிக் கொடுங்கள்.